ஐஸில் இருக்கும் இரண்டு

சிதம்பரம்
20.4.2025

மாமா,

கண்டக்டர் பழனிவேல் அண்ணனிடம் பஸ்ஸில் நீங்கள் கொடுத்துவிட்ட தெர்மோகோல் பெட்டி வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்து, ஐஸை ஒதுக்கி, அடிவரை கைவிட்டுத் தேடிவிட்டேன். கிழங்கான் இருந்தது. ஐஸ் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பெண்டாட்டி வீட்டை விட்டு அக்கா வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது, மீன் அனுப்பத் தெரிந்தவருக்கு இரண்டு வரி எழுதத் தெரியவில்லை.

போனில் பேசலாம்தான். நான் பத்து நிமிஷம் பேசுவேன், நீங்கள் "ம்" என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். பெட்டியைக் கழுவிக் காயவைத்து, மூடியின் உள்பக்கம் இதை ஒட்டியிருக்கிறேன். பதில் என்று ஏதாவது இருந்தால் அதே இடத்தில் ஒட்டி அனுப்புங்கள்.

அன்றைக்கு டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஃபிரீஸ் பண்ணி வச்ச கரு ரெண்டு இருக்கு. ஒண்ணு வைக்கலாமா, ரெண்டும் வைக்கலாமா? நான் ஒண்ணுன்னுதான் சொல்லுவேன். ஆனா நீங்க என்ன நினைக்கிறீங்க?" நான் ரெண்டு என்றேன். அதே மூச்சில் நீங்கள் ஒண்ணு என்றீர்கள். அவர் பேனாவை மூடிவிட்டார். வீட்டுக்குப் போய் ஒரே பதிலாக எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஜூனில் வைப்பதென்றால் மருந்து தொடங்க வேண்டும், மே கடைசிக்குள் பதில் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் ஆஸ்பத்திரியிலிருந்து தேவனாம்பட்டினம் வரை ஆட்டோவில் வந்தோம். வாசலில் இறங்கும்போது சொன்னீர்கள்: "நீ பாக்கல. நான் பாத்தேன்." அந்தச் சொல்லுக்குத்தான் நான் பையை எடுத்தேன். அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

இப்போது கேட்பது வேறு. கீரப்பாளையத்தில் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். கல்யாணத்துக்கு முன் எனக்கு வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் வித்தியாசம் தெரியாது. செவுளைத் தூக்கிப் பார்க்கவும், வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தது நீங்கள். "ஐஸ் கெடாம காப்பாத்தாது வினோ. கெடுறத தள்ளிப் போடும், அவ்வளவுதான். மூணாம் நாளு கண்ணு உள்ள போயிடும்." எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்.

அந்த இரண்டும் ஐஸில் இருந்து இரண்டரை வருஷமாகிறது. ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, மற்றதை இன்னும் எத்தனை வருஷம் விட்டுவைப்பது? அது என்ன ஆகும் என்று என்னைவிட, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒண்ணு என்று சொன்னீர்கள். நம் பிள்ளைகளில் ஒன்று கெட்டுப் போகட்டும் என்று டாக்டர் முன்னால் உட்கார்ந்து சொன்னீர்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

வினோதினி

*

தேவனாம்பட்டினம்
27.4.2025

வினோவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில். அதிலும் பாதி மார்க்தான். நீ டீச்சர் என்பதற்காகச் சிவப்பு மை எடுத்துவிடாதே.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. சின்ன ஃபைபர் படகு கொண்டுவருவதுதான் மீன். ஐஸ் கம்பெனியில் வேலை இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி. உன்னைக் கேட்கிறது. நேராகக் கேட்காது, "அந்தத் துளசிக்கு யாரு தண்ணி ஊத்துறது" என்று கேட்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இல்லை என்று எழுதச் சொன்னாய். எழுத முடியாது. ஐஸைப் பற்றி நீ எழுதியது சரிதான். ஒன்று என்று சொன்னபோது மற்றதன் கதி என்ன என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். தெரியாமல் வாய்தவறிச் சொல்லவில்லை.

போன தடவையும் ரெண்டுதான் வைத்தோம். ரெண்டும் தங்கியது என்று கேட்டதும் தெருவுக்கே லட்டு கொடுத்தோம். ஆறாம் மாசம் உனக்கு பிபி ஏறி வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கண் மேலே சொருகி நீ கிடந்தது உனக்கு நினைவில் இல்லை. எனக்கு இருக்கிறது. ரெட்டை என்றால் மறுபடி அதே மாதிரி வர வாய்ப்பு ஜாஸ்தி என்று டாக்டரம்மா உன் எதிரில்தான் சொன்னார். ஒன்றை விட்டால்தான் ஒன்றும் நீயும் மிஞ்சுவீர்கள் என்றால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கல்நெஞ்சன் என்று சொல்லிக்கொள்.

வாசலில் சொன்னது தப்பு. அதை மட்டும் கேட்காதே.

சங்கரா வைத்திருக்கிறேன். காலையில் பிடித்தது.

சுரேந்தர்

*

சிதம்பரம்
4.5.2025

மாமா என்று எழுதக் கை வரவில்லை. பொய் சொல்லாமல் எழுதினீர்கள், அதற்கு நன்றி.

அதை மட்டும் கேட்காதே என்கிறீர்கள். அதைத்தான் கேட்பேன். நான் பார்க்கவில்லை. யார் என்னைப் பார்க்க விட்டது?

எனக்கு நினைவு திரும்பியபோது பையன் போய்ச் சேர்ந்திருந்தான். பெண்ணைச் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தீர்கள். நான் கடலூரில் படுக்கையில் கிடந்தேன், தலையைத் தூக்கக்கூடாது என்றார்கள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, பாலை நிறுத்திவிடாதே, பீச்சிக் கொடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் காலையில் வந்து பாட்டில்களை உங்கள் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறுவீர்கள். சாயங்காலம் வெறும் பெட்டியோடு வருவீர்கள். "குடிச்சாளா?" என்று கேட்பேன். "ம்" என்பீர்கள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு அடுத்த பாட்டிலை நிரப்புவேன். ஒருநாள் காலையில் நீங்கள் வந்தபோது கையில் பெட்டி இல்லை. அவள் இறந்தது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை.

உங்கள் பூவராகன் மாமாவும் நீங்களும் போய்ப் புதைத்துவிட்டு வந்தீர்கள். பெற்றவளுக்கு இடம் தெரியக்கூடாது, தெரிந்தால் அடுத்தது தங்காது என்று அத்தை சொன்னார். நீங்கள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் என் மனதில் இருப்பது யார் தெரியுமா? நம் வீட்டுக் காலண்டரில் இருந்தார்களே, தொடையில் மடிப்பு விழுந்த குழந்தைகள், அவர்கள்தான். நான் பார்த்த குழந்தைகள் அவ்வளவுதான். டாக்டரிடம் ரெண்டு என்று சொல்லும்போது அவர்களைத்தான் கேட்டேன். போன இரண்டும் திரும்பி வரும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும்.

பார்த்ததை உங்களிடமே பூட்டி வைத்துக்கொண்டு, அதைச் சொல்லி என் வாயை அடைக்காதீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதுகிறவரை மீன் வேண்டாம். கடிதத்தோடு வந்த சங்கராவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

வினோதினி

*

கடலூர் துறைமுகம்
13.5.2025

வினோவுக்கு,

ஐஸ் கம்பெனி ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மிஷின் நின்று கிடப்பதால் இங்கே சத்தம் இல்லை. பெட்டி இல்லாமல் பழனியிடம் கையில் கொடுத்துவிடுகிறேன்.

பையனை என் கையில்தான் கொடுத்தார்கள். துணியில் சுற்றி, முகம் மூடியிருந்தது. நான் திறக்கவில்லை. பயம். அதனால் அவனைப் பற்றி என்னாலும் எழுத முடியாது. அவனை நானும் பார்க்கவில்லை வினோ.

பாப்பாவைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். தோல் சிவந்து, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய். விளக்கு போட்டிருந்ததால் கண்ணைத் துணியால் மூடியிருந்தார்கள். மடித்துக் கட்டியும் நாப்கின் மார்வரை வந்தது. என் கண் பாழாய்ப் போன கண். மீனைப் பார்த்தால் எடை சொல்லும். அவளைப் பார்த்ததும் நான் கேட்காமலே சொல்லிவிட்டது, எழுநூறு கிராம் என்று. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். எழுநூற்றுப் பத்து. அதற்கப்புறம் ரொம்ப நாள் ஏலத்தில் நான் எடை சொல்லவில்லை. "என்னடா, நீ போயி தராசு கேக்குற?" என்று பூவராகன் மாமா கேட்டார். 

நீ கொடுத்த பாலில் ஒரு மில்லி எடுப்பார்கள். சில நாள் அரை. சிரிஞ்சில் எடுத்துக் குழாய் வழியாக விடுவார்கள். மிச்சத்தை நர்ஸம்மா உன் பேர் எழுதி ஃபிரிட்ஜில் வைப்பார். நீ அங்கே வலியோடு பாட்டில் பாட்டிலாக நிரப்பிக்கொண்டிருந்தாய். ஒரு மில்லி என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன். குடிச்சாளா என்று நீ கேட்கும்போது அந்த ஒரு மில்லியை நினைத்துத்தான் "ம்" என்றேன்.

ஒருநாள் கையை உள்ளே விடலாம் என்றார்கள். மீன் வாடை இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டேன். நர்ஸம்மா "போதும் சார், தோல் உரிஞ்சிடப் போவுது" என்றார். விரலை அவள் கையில் வைத்தேன். பிடிக்கவில்லை. அதற்குத் தெம்பில்லை. மூச்சு விடுவதே அவளுக்கு மூட்டை தூக்குகிற வேலையாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே போய் வந்தது. அவள் போனபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி அவள் மூச்சை இழுக்க வேண்டாமே என்று இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவளோடு உன் பாட்டில்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். தாழங்குடா போகிற வழியில், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், அவன் பக்கத்திலேயே அவளையும் வைத்தோம். பச்சைப் பிள்ளைக்குப் பால் தெளிப்பதெல்லாம் கிடையாது, திரும்பிப் பார்க்காமல் வா என்று மாமா சொன்னார். நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து ரெண்டு பேருக்கும் ஊற்றினேன். கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். மணல் உடனே குடித்துவிட்டது. தெளித்தது நான் என்றாலும் பால் உன்னுடையது. நீ இல்லாமல் அது நடக்கவில்லை.

இதைப் பார்த்தவன்தான் ஒன்று என்று சொன்னேன்.

சுரேந்தர்

*

சிதம்பரம்
17.5.2025

மாமா,

கடிதத்தை மொட்டைமாடியில் வைத்துப் படித்தேன். பவானி அக்கா காய்ந்த துணி எடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுது முடிக்கிறவரை ஒரே புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

கோபம் முழுதும் போய்விடவில்லை. என் பாலின் கதையை இரண்டு வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். அந்தக் கோபம் போக நாளாகும். அவள் போனபோது உங்களுக்குத் தோன்றியதை எழுதியிருந்தீர்களே, அதற்குக் கோபமில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

காலண்டர் குழந்தைகள் போய்விட்டார்கள். அந்த இடத்தில் எழுநூற்றுப் பத்து கிராமில் ஒருத்தி வந்துவிட்டாள். மூச்சுக்கு மூச்சு நெஞ்சு உள்ளே போகிறவள். அவள் பட்டதை இன்னொரு பிள்ளை படவேண்டாம். இனி என் வாயால் இரண்டு என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று என்று கையெழுத்துப் போடவும் முடியவில்லை. ஒன்றை வயிற்றில் வாங்கிக்கொண்டு, அதன் கூடப் பிறந்ததை ஐஸில் அழுக விட்டுவிட்டு எப்படி வீட்டுக்கு வருவேன்? ஒவ்வொரு நாளும் நீங்கள் வேலை முடிந்து வருவீர்கள், உங்கள் சட்டையில் ஐஸ் ஈரம் இருக்கும், எனக்கு அதுதான் ஞாபகம் வரும். நீங்கள் யோசித்து ஒன்றை விட்டீர்கள். எனக்கு அந்தத் தெம்பில்லை.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். இரண்டு வருஷத்தில் டாக்டரம்மாவிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்டதே இல்லை. ஐஸ்காரர் பெண்டாட்டி போய் ஐஸைப் பற்றிக் கேட்பதா என்று இருந்துவிட்டேன். தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அந்த ஐஸ் உங்கள் ஐஸ்தானா? அதில் வைத்தது இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்? நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். புது ஐஸ் கம்பெனிக்குப் போனால் என்னென்ன கேட்பீர்களோ, எல்லாவற்றையும் கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்கு நம்பிக்கையாக இருந்தால் நானும் நம்புகிறேன்.

வினோதினி

*

தேவனாம்பட்டினம்
22.5.2025

வினோவுக்கு,

போய் வந்தேன். டாக்டரம்மா ஆபரேஷனில் இருந்தார். லேபில் தமிழினி என்று ஒரு பெண் இருக்கிறது. அதுதான் கருவை எல்லாம் பார்த்துக்கொள்கிறதாம். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

ஐஸ் எத்தனை நாளைக்கு ஒருதடவை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். உருகுகிற தண்ணீர் எங்கே போகிறது, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டது. வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது.

"சார், அது ஐஸே இல்ல. அதுல தண்ணியே கிடையாது. நைட்ரஜன். பால் கேன் மாதிரி ஒரு டாங்க்ல இருக்கு. குறையக் குறைய ஊத்துவோம். கரண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. உங்க ஐஸ்ல மீனு மெதுவாக் கெடும், ஆனா கெட்டுக்கிட்டேதான் இருக்கும். இதுல நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. வச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, எப்ப எடுத்தாலும் அப்படியே இருக்கும்."

ரெண்டரை வருஷம் ஆயிடுச்சேம்மா என்றேன். கருவுக்கு ஒருநாள்கூட வயசு ஏறவில்லை சார் என்றது.

ஒன்றை எடுத்தால் மற்றதற்குச் சூடு படாதா என்று கேட்டேன். தனித்தனிக் குச்சியில் இருக்கிறதாம். ஒன்றை எடுக்கும்போது மற்றதை டாங்கை விட்டு வெளியே எடுக்கவே மாட்டார்களாம். வெளியே எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்போது எப்போதாவது ஒன்றிரண்டு பிழைக்காமல் போகும், அதை மறைக்க மாட்டேன் என்றும் சொன்னது. அப்படிச் சொன்னதால்தான் மற்றதெல்லாம் எனக்கு நம்பிக்கையானது.

 பதினெட்டு வயசிலிருந்து ஐஸ் உடைக்கிறேன். உனக்குப் பாடம் நடத்தினவன் நான். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நீ இரண்டு கேட்டாய். அதே பாடத்தை வைத்துக்கொண்டு நான் ஒன்றைச் சாகக் கொடுத்தேன். கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

என் பதில் இப்போதும் ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு ஒன்று என்று சொன்னபோது மற்றதைக் கைகழுவிவிட்டுச் சொன்னேன். இன்றைக்கு அப்படி இல்லை. அது அங்கே பத்திரமாக இருக்கிறது. நாம் போய்க் கேட்கிறவரை இருக்கும்.

உடம்பு உன்னுடையது. நீ முதலில் கையெழுத்துப் போடு. எதைப் போடுகிறாயோ அதன் கீழே நான் போடுகிறேன். இரண்டு என்று போட்டாலும் போடுகிறேன். பயத்தோடு போடுவேன், அவ்வளவுதான்.

துளசிக்கு அம்மாவே தண்ணீர் ஊற்றுகிறது.

சுரேந்தர்

*

சிதம்பரம்
27.5.2025

மாமா,

ஒன்று.

நேற்று இரண்டு முறை உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். உருகுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்ட இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று. இரண்டாவது முறை அந்த இடம் வந்தபோது கடிதத்தை மடித்து மடியில் வைத்துவிட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் செருப்பில்லாமல் நின்று, நம் பிள்ளைக்காக இதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஒன்று தங்காமல் போகலாம். அப்படிப் போனால், இரண்டாக வைத்திருக்கலாமே என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உங்கள் அம்மா சொன்னாலும் நீங்கள் அவரைச் சொல்லவிடக்கூடாது. கொஞ்ச நாள் கழித்து, உடம்பு தேறியதும், போய் மற்றதைக் கேட்போம். இது தங்கிப் பிறந்து வளர்ந்தாலும் மற்றதை மறக்கக்கூடாது. அதை என்ன செய்வது என்று அப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசவேண்டும். "ம்" என்றால் விடமாட்டேன்.

டாக்டரம்மாவைச் சனிக்கிழமை பார்க்கலாம். அதற்கு முன்னால் ஓரிடத்துக்குப் போகவேண்டும். சவுக்குத் தோப்பு முடிகிற இடத்துக்கு. இடம் தெரிந்தால் அடுத்தது தங்காது என்று அத்தை பயப்படுவார். அவரிடம் சண்டை போடாதீர்கள். இரண்டு வருஷம் இடம் தெரியாமல்தான் இருந்தேன், அதனால் ஒன்றும் நல்லது நடந்துவிடவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு பேரில் ஒருவனை நாம் யாருமே பார்க்கவில்லை. அவன் இருக்கிற மண்ணையாவது நான் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் பெட்டி இங்கேயே இருக்கட்டும், திருப்பி அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை கிழங்கான் கிடைத்தால் கொண்டு வாருங்கள். ஐஸ் போடவேண்டாம். ஐஸ் போடாத மீனைப் பழனிவேல் அண்ணனிடம் கொடுத்துவிட முடியாது, அவர் நாலு ஊர் நின்று வருவதற்குள் கெட்டுவிடும். படகு கரைக்கு வந்ததும் நீங்களே வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் நீங்களே ஏறி வந்தால்தான் சரியாக இருக்கும்.

நான் புளி கரைத்து வைக்கிறேன்.

வினோ